பின்பக்கத்தைப் படித்தல்: பழைய அங்கத அச்சுப்படங்களும் பிரெஞ்சு மட்கலங்களும் சேகரிக்கத் தொடங்குவோருக்கு

லண்டனில் 1790களில் அரசியல்வாதிகளை நையாண்டி செய்யும் அச்சுப்படம் ஒன்று, வண்ணமில்லாமல் வாங்கினால் ஒரு ஷில்லிங், கையால் வண்ணம் தீட்டியதாக வாங்கினால் இரண்டு ஷில்லிங் என்ற அளவில் விற்றது. தென் பிரான்சின் கடலோரத்தை ஒட்டிய வலோரிஸ் என்ற சிற்றூரில் 1950களில் செய்யப்பட்ட பூச்சாடிகளையும் கிண்ணங்களையும் கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் ஊர் நினைவாக வாங்கிப் போனார்கள். இரண்டுமே கடையில் விற்பதற்காகச் செய்யப்பட்டவை. அருங்காட்சியகத்தை மனத்தில் வைத்து யாரும் அவற்றைச் செய்யவில்லை. அதனால்தான் இரண்டிலும் பிரதிகள் பல இருக்கின்றன, பிற்காலத்தில் மீண்டும் எடுக்கப்பட்டவை இருக்கின்றன, போலிகளும் இருக்கின்றன. அதனால்தான் சாதாரண வருமானம் உள்ள ஒருவராலும் இவற்றைச் சேகரிக்க முடிகிறது.

காலத்தாலும் பொருளாலும் தொலைவில் நிற்கும் இவ்விரண்டையும் ஒரே கட்டுரையில் சேர்த்துப் பேசக் காரணம், இரண்டிலும் சேகரிப்பவர் கற்க வேண்டிய திறமை ஒன்றே என்பதுதான். கையில் இருக்கும் பொருளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தாளின் பின்பக்கமும் கலத்தின் அடிப்பாகமும், முன்பக்கத்து அழகு மறைக்கும் பல செய்திகளைச் சொல்லிவிடும். எந்தப் படம், யார் செய்த கலம் என்பதை அறிவது முதல் பாதி. நம் கையிலிருக்கும் இந்தக் குறிப்பிட்ட பிரதி எப்போது, எப்படி உருவானது என்பதை அறிவது மறு பாதி. விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த மறு பாதியே.

செப்புத்தகட்டிலிருந்து தாளுக்கு

ஓர் ஆட்சியாளரையோ நிகழ்ச்சியையோ நாகரிகப் பழக்கத்தையோ கேலி செய்யும் படத்தைத் தகட்டிலோ கல்லிலோ வரைந்து, அதிலிருந்து பல பிரதிகள் எடுத்துத் தனித்தாளாகவோ இதழின் பக்கமாகவோ விற்றால் அது அங்கத அச்சுப்படம். ஓவியம் என்றால் ஒன்றுதான் இருக்கும். அச்சுப்படத்திலோ கலைஞர் வரைந்த தகட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு பிரதியும் ஒருவகையில் அசலே. ஆனால் அவையெல்லாம் ஒரே மதிப்புடையவை அல்ல. புதியவர் குழம்பும் முதல் இடம் இது. கலைஞரும் பதிப்பாளரும் உயிரோடிருந்தபோது அவர்கள் கடையில் விற்ற பிரதிக்கும், ஐம்பது ஆண்டுகள் கழித்து வேறொருவர் அதே தகட்டை வாங்கி அச்சிட்ட பிரதிக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு.

இங்கிலாந்தில் ஏறத்தாழ 1770 முதல் 1830 வரையிலான காலம் இக்கலையின் உச்சக்காலம். ஜேம்ஸ் கில்ரே, தாமஸ் ரோலண்ட்சன், ஐசக் க்ரூக்‌ஷாங்க், அவருடைய மகன் ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்க் ஆகியோர் அக்காலத்தின் முதன்மையான பெயர்கள். பெரும்பாலான படங்கள் செப்புத்தகட்டில் அமில அரிப்பு முறையில் செய்யப்பட்டன. மெழுகும் பிசினும் கலந்த பூச்சைத் தகட்டின் மேல் தடவி, ஊசியால் அதில் வரைந்து, தகட்டை அமிலத்தில் இட்டால், ஊசி கீறிய இடங்களில் மட்டும் செம்பு அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். பூச்சை நீக்கி, மையைப் பள்ளங்களுக்குள் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரமாக்கிய தாளை மேலே வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தினால், தாள் பள்ளத்துக்குள் நுழைந்து மையை எடுத்துக்கொள்கிறது.

இந்த அழுத்தம் இரண்டு தடயங்களை விட்டுச் செல்கிறது. தகட்டின் விளிம்பு தாளில் பதிந்து, படத்தைச் சுற்றிச் சற்றே தாழ்ந்த ஒரு செவ்வக வரம்பை உண்டாக்கும். இதைத் தகட்டுத் தடம் எனலாம். மைக்கோடுகளோ தாளின் மேல் மிக மெல்லிய மேடுகளாக நிற்கும்; உருப்பெருக்கிக் கண்ணாடியும் பக்கவாட்டு வெளிச்சமும் இருந்தால் கண்ணுக்கே தெரியும். இக்காலத்து ஆஃப்செட் நகலில் மேடும் இருக்காது, தடமும் இருக்காது. கோடுகளும் நிறங்களும் சிறு சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறிய லென்ஸ் ஒன்றை வாங்குவதே இந்தப் பொழுதுபோக்கின் முதல் செலவாக இருக்கட்டும். ஆனால் தகட்டுத் தடம் இல்லாத படம் எல்லாம் போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அக்காலத்தில் பலர் படங்களை வெட்டி ஆல்பங்களிலும் தட்டிகளிலும் ஒட்டி வைத்தார்கள். ஓரம் முழுதும் வெட்டப்பட்ட உண்மையான பிரதிகள் ஏராளம். அவை விலை குறைவானவை; தொடங்குவோருக்கு அதுவும் ஒரு வசதிதான்.

படத்தின் அடியில் சிறிய எழுத்தில் பதிப்பாளரின் பெயர், கடை முகவரி, வெளியிட்ட நாள், சட்டப்படி வெளியிடப்பட்டது என்ற அறிவிப்பு ஆகியவை அடங்கிய ஒரு வரி இருக்கும். இதற்குக் காரணம் வில்லியம் ஹோகார்த் என்ற ஆங்கிலேய ஓவியர். தம் படங்களைப் பிறர் திருடி நகலெடுத்து விற்பதைத் தடுக்க அவரும் சக கலைஞர்களும் நாடாளுமன்றத்தை அணுகியதன் பயனாக, செதுக்குப் படங்களுக்குப் பதினான்கு ஆண்டு உரிமை தரும் சட்டம் 1735 ஜூன் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊதாரி ஒருவனின் வீழ்ச்சியைச் சொல்லும் எட்டுப் படங்களின் வெளியீட்டை ஹோகார்த் அந்த நாள் வரை ஒத்திவைத்திருந்தார். பாதுகாப்பு வேண்டுமானால் பெயரும் தேதியும் தகட்டிலேயே இருக்க வேண்டும் என்பதால், இன்று நமக்கு அந்த வரி பெரிய உதவியாக இருக்கிறது.

அதே வரி ஒரு பொறியாகவும் அமைகிறது. அது தகட்டில் செதுக்கப்பட்டிருப்பதால், ஐம்பது ஆண்டு கழித்து எடுத்த பிரதியிலும் பழைய தேதியே அச்சாகும். தகட்டில் இருப்பது படம் வெளியான நாள். பிரதி எடுத்த காலத்தைத் தாளிடம்தான் கேட்க வேண்டும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், கம்பி வலையின் கோடுகள் வரிவரியாகத் தெரியும் பழைய வகைத் தாளா, கோடுகளற்ற சீரான தாளா என்பது புலப்படும். சீரான வகையை ஜேம்ஸ் வாட்மன் 1750களில் உருவாக்கினார். நூற்றாண்டின் இறுதியில் அது பரவலாயிற்று. 1794 முதல் ஆங்கிலேயத் தாள்களின் நீர்க்குறியில் (தாள் செய்யும்போதே அதனுள் பதியும், வெளிச்சத்தில் தெரியும் அடையாளத்தில்) ஆண்டு இடம்பெறத் தொடங்கியது. 1798 என்று தேதியிட்ட படத்தில் 1797 என்ற நீர்க்குறி இருந்தால் மகிழலாம்; 1818 என்று இருந்தால் அது மறு அச்சு என்பதில் ஐயமில்லை.

கில்ரேயின் கதையே இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அவர் ஹன்னா ஹம்ப்ரி என்ற பெண் பதிப்பாளரின் கடைக்கு மேல்தளத்தில் வாழ்ந்து, அவருக்காகவே வேலை செய்தார். கடை 1797 முதல் செயின்ட் ஜேம்ஸஸ் தெருவின் 27ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. சன்னல் கண்ணாடி முழுதும் படங்கள் மாட்டப்பட்டிருக்க, வெளியே கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கும் காட்சியை அவரே 1808இல் வெளியான படமொன்றில் வரைந்திருக்கிறார்; முன்னால் பனியில் வழுக்கி விழும் ஒரு கிழவரைக் கண்டுகொள்ளாமல் கூட்டம் படம் பார்த்துக்கொண்டிருக்கிறது. வாங்க முடியாதவர்களுக்கு வேறு வழியும் இருந்தது. பிக்காடிலியில் கடை வைத்திருந்த ஃபோர்ஸ் என்ற பதிப்பாளர், படத் தொகுப்புகளை ஒரு மாலைப் பொழுதுக்கு வாடகைக்கு விட்டார்.

1805 பிப்ரவரியில் வெளியான கில்ரேயின் புகழ்பெற்ற படத்தில், பிரதமர் பிட்டும் நெப்போலியனும் உணவு மேசையில் எதிரெதிரே அமர்ந்து, உலக உருண்டை வடிவிலான ஒரு புட்டிங்கைக் கத்தியால் வெட்டுகிறார்கள். பிட் அட்லாண்டிக் கடலை எடுத்துக்கொள்ள, நெப்போலியன் ஐரோப்பாவை அறுக்கிறார். அரசியல் ஆய்வாளர் பத்துப் பக்கங்களில் சொல்வதை அந்த மேசை சொல்லிவிடுகிறது; அதை இன்றுவரை கேலிச்சித்திரக்காரர்கள் தங்கள் காலத் தலைவர்களை வைத்துத் திரும்பத் திரும்ப வரைகிறார்கள். நமக்கு நெருக்கமான ஒரு படமும் அவரிடம் உண்டு: மூன்றாம் மைசூர்ப் போரில் கார்ன்வாலிஸ் 1791இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிவிட்டு மழையாலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் பின்வாங்கியதை, அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் நையாண்டி செய்தார். இந்தியாவைப் பற்றிய ஆங்கிலேய அங்கதப் படங்களை மட்டும் சேகரிப்பது தமிழ்நாட்டில் இருக்கும் ஒருவருக்குப் பொருத்தமான எல்லையாக இருக்கும் என்பது என் கருத்து. பாரதியார் தம் ‘இந்தியா’ இதழில் அரசியல் கேலிச்சித்திரங்களை வெளியிடுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, இந்திய ஆட்சி லண்டன் கடைச் சன்னல்களில் கேலிக்குள்ளாகியிருந்தது.

கில்ரே தம் கடைசி ஆண்டுகளில் மனநலம் குன்றி 1815இல் இறந்தார். ஹம்ப்ரியின் காலத்துக்குப் பிறகு தகடுகள் கைமாறி, இறுதியில் ஹென்றி போன் என்ற பதிப்பாளரிடம் சேர்ந்தன. அவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், தடித்த தாளில், வண்ணமில்லாமல், தாளின் இரு பக்கங்களிலும் படங்களை அச்சிட்டுப் பெரிய தொகுதியாக வெளியிட்டார்; படங்களின் மேல் மூலையில் வரிசை எண்ணும் சேர்க்கப்பட்டது. பின்னாளில் அத்தொகுதிகளைப் பிரித்துத் தனித்தனித் தாள்களாக விற்றார்கள். சிலர் வண்ணமும் தீட்டினார்கள். ஆகவே கில்ரே படம் என்று ஒருவர் காட்டினால், முதலில் தாளைத் திருப்புங்கள். பின்னால் இன்னொரு கில்ரே படம் இருந்தால் அது போன் பதிப்பு. அதில் இழிவு ஒன்றுமில்லை. அதுவும் அசல் தகட்டிலிருந்து வந்ததே. ஹம்ப்ரி கடைப் பிரதியின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவே. ஹோகார்த்தின் தகடுகளுக்கும் இதே நிலைதான்: தேய்ந்துபோன அவற்றை 1820களில் ஜேம்ஸ் ஹீத் என்பவர் மீண்டும் செதுக்கிச் சீர்செய்து அச்சிட்டார். அப்பிரதிகள் பளிச்சென்று இருக்கும். ஹோகார்த்தின் கையின் நுட்பம் அவற்றில் மழுங்கியிருக்கும்.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல். அக்கால வண்ணம் நீர்வண்ணமாகக் கையால் தீட்டப்பட்டது. ஒரே படத்தின் இரு பிரதிகளில் ஒருவர் சட்டை நீலமாகவும் சிவப்பாகவும் இருப்பது இயல்பு. பிற்காலத்தில் தீட்டிய வண்ணம், அதற்கு முன்பே உண்டாகியிருந்த மடிப்பிலும் கிழிசலிலும் ஊறி அடர்ந்து நிற்கும்.

படத்தை அடையாளம் காணப் பிரிட்டிஷ் மியூசியத்தின் அங்கதப் படப் பட்டியலே ஆதாரம். 1870 முதல் 1954 வரை வெளிவந்த அதன் பதினொரு தொகுதிகள் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை விவரிக்கின்றன. பிற்காலத் தொகுதிகளைத் தொகுத்தவர் டோரதி ஜார்ஜ் என்ற வரலாற்றாசிரியை. விற்பனைப் பட்டியல்களில் காணும் எண் இந்தப் பட்டியலின் எண்ணே. மேலே சொன்ன புட்டிங் படத்தின் எண் 10371. அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் அந்த எண்ணைத் தேடி, அவர்கள் பிரதியோடு நம் பிரதியை வரிக்கு வரி ஒப்பிடலாம்.

கல்லும் செய்தித்தாளும்: டோமியே

பிரான்சில் கதை வேறு. ஜெர்மனியில் செனஃபெல்டர் 1790களின் இறுதியில் கண்டுபிடித்த கல்லச்சு முறையில், வழவழப்பாகத் தேய்த்த சுண்ணக்கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மைக்கோலால் நேரடியாக வரையலாம். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற எளிய உண்மையே அதன் இயக்கம். கல், செப்புத்தகட்டைப் போல் விரைவில் தேய்வதில்லை. வரைவதும் தாளில் வரைவதைப் போல விரைவானது. நாளிதழில் நாள்தோறும் ஒரு கேலிப்படம் வெளியிட இதுவே வழி செய்தது. கல்லச்சில் தகட்டுத் தடம் இருக்காது. மைக்கோடுகள் மேடாக நிற்காமல் தாளோடு தட்டையாக, மைக்கோலின் சொரசொரப்புடன் தெரியும்.

ஷார்ல் ஃபிலிப்போன் 1830இல் ‘ல கரிகாத்யூர்’ வார இதழையும் 1832இல் ‘ல ஷரிவாரி’ நாளிதழையும் தொடங்கினார். மன்னர் லூயி ஃபிலிப்பின் முகம் படிப்படியாகப் பேரிக்காயாக மாறுவதை அவர் நீதிமன்றத்திலேயே வரைந்து காட்டினார். பேரிக்காய்க்கு மன்னர் சாயல் இருப்பது என் குற்றமா என்பது அவர் வாதம். அவரிடம் வேலை செய்த ஓனோரே டோமியே, மக்களின் காசை விழுங்கும் பெருந்தீனி அரக்கனாக மன்னரை வரைந்ததற்காக 1832இல் சிறை சென்றார். 1834 ஏப்ரலில் பாரிஸின் ரூ திரான்ஸ்னொனான் தெருவில் படையினர் ஒரு குடியிருப்புக்குள் புகுந்து அங்கிருந்தவர்களைக் கொன்றபோது, இரவு உடையில் கட்டிலிலிருந்து சரிந்து கிடக்கும் ஒரு மனிதனையும் அவன் உடலுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் குழந்தையையும் அவர் வரைந்தார். அதில் கேலி எதுவுமில்லை. காவல்துறை கிடைத்த பிரதிகளைக் கைப்பற்றியதால் அது இன்று மிக அரிது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் படங்களுக்கு முன்தணிக்கை வந்தது. டோமியே வழக்கறிஞர்களையும் வீட்டுக்காரர்களையும் ரயில் பயணிகளையும் கேலி செய்யத் திரும்பினார்.

புதியவருக்கு நல்ல செய்தி, டோமியே ஏறத்தாழ நான்காயிரம் கல்லச்சுப் படங்கள் வரைந்தார் என்பதே. நாளிதழில் வந்த பிரதிகள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றின் பின்பக்கத்தில் செய்தி அச்சாகியிருக்கும். அது முன்பக்கத்துக்கு ஊடுருவித் தெரிவதும் உண்டு. இதே படங்களை ஓபேர் என்ற பதிப்பகம் நல்ல வெள்ளைத் தாளில், பின்பக்கம் வெறுமையாக, சேகரிப்பவர்களுக்கென்று தனியாகவும் விற்றது. பின்பக்கம் வெறுமையான பிரதி பொதுவாக விலை கூடியது. ஆனால் பின்னால் செய்தி இருப்பது குறை அல்ல. அந்தப் படம் அந்த நாளில் தெருவுக்கு வந்த வடிவம் அதுதான் என்பதற்கு அதைவிட நேரான சான்று வேறு கிடையாது. டோமியே படங்களுக்கு டெல்தெய் என்பவர் தொகுத்த பட்டியலின் எண் வழக்கில் இருக்கிறது.

இன்னும் எளிய தொடக்கம் வேண்டுவோருக்கு, லண்டனின் ‘வேனிட்டி ஃபேர்’ இதழ் 1869 முதல் 1914 வரை வாரந்தோறும் வெளியிட்ட வண்ணக் கல்லச்சுப் படங்கள் இருக்கின்றன. கேலியின் கூர்மை குறைவு, ஆனால் மலிவானவை, போலி செய்யும் அளவுக்கு விலை இல்லாதவை.

மண்ணில் எடுத்த அச்சு

அச்சுப்படத்துக்கும் மட்கலத்துக்கும் இடையே பாலம் போட்டவர் பிக்காசோ. வலோரிஸ் பல தலைமுறைகளாகச் சமையல் சட்டிகள் செய்யும் ஊர். எவர்சில்வரும் அலுமினியமும் வந்ததும் நம் ஊர் மண்சட்டிகளுக்கு நேர்ந்ததே அங்கும் நேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சூளைகள் பல அணைந்திருந்தன. 1946 கோடையில் அங்கு வந்த பிக்காசோ, சுசான் ராமியேயும் அவர் கணவர் ஜார்ஜும் நடத்திய மதூரா பட்டறைக்குச் சென்றார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து முழுமூச்சாக வேலையில் இறங்கினார். அவர் தனியாகச் செய்த கலங்களைத் தவிர, 1971 வரை 633 வடிவங்கள் பட்டறையால் எண்ணிக்கை வரம்பிட்ட பதிப்புகளாக வெளியிடப்பட்டன. ஒரு பதிப்பில் 25 முதல் 500 வரை பிரதிகள்.

இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பிக்காசோ செய்த மாதிரியைப் பார்த்து மதூராவின் குயவர்கள் வடிவத்தையும் தூரிகைக் கோடுகளையும் கையால் திரும்பச் செய்தது. மற்றொன்று, பிக்காசோ செதுக்கிய சாந்து அச்சின் மேல் ஈரக் களிமண்ணை அழுத்தி எடுத்தது. செப்புத்தகட்டின் மேல் ஈரத்தாளை அழுத்துவதும் இதுவும் ஒரே செயல்தான். முதல் வகையின் அடியில் பிக்காசோ பதிப்பு என்றும், இரண்டாவதன் அடியில் பிக்காசோவின் அசல் பதிவு என்றும் பிரெஞ்சு மொழியில் முத்திரை இருக்கும்; மதூராவின் முத்திரையும் உடன் இருக்கும். எந்த முத்திரையும் இல்லாத ‘பிக்காசோ தட்டு’ ஒன்றைத் தொடங்குபவர் தொடாமல் இருப்பது நல்லது.

பிக்காசோவின் பெயர் விலையை எட்டாத உயரத்துக்குக் கொண்டு போய்விட்டது. அவர் வரவால் உயிர்பெற்ற ஊரில் இளைஞர்கள் செய்தவையே சேகரிப்பவருக்குச் சுவையான களம். ரோஜே கப்ரோன் 1946இல் அங்கு குடியேறிப் பட்டறை தொடங்கினார். உலர்ந்த இலைகளின் பதிவு கொண்ட அவருடைய ஓடு பதித்த மேசைகள் இன்றும் சந்தையில் சுற்றுகின்றன. ரொபேர் பிகோ பச்சையும் பழுப்புமான கோலங்களிட்ட உணவுக்கலங்கள் செய்தார். ழான் டெர்வால், கில்பேர் போர்த்தானியே ஆகியோரும் இதே கூட்டத்தினர். இவர்களுக்குப் பக்கத்துப் பட்டறைகளில், வலோரிஸ் என்று மட்டும் எழுதிய மீன்களும் சிப்பிகளும் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. அவை நினைவுப் பொருள்கள். ஊர்ப்பெயர் மட்டுமே இருந்தால் அதற்குக் கைவினைஞரின் விலை கொடுக்க வேண்டாம்.

ஒரே கைவினைஞர் வடிவமைத்து, திகிரியில் வனைந்து, மெருகு (சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) இட்டு, சூளையிலும் தாமே சுடும் கலத்தைத் தொழிற்சாலைப் பீங்கானிலிருந்து பிரித்துப் பார்க்கும் எண்ணம் பிரான்சில் வலோரிஸுக்கு முன்பே வேர்விட்டது. புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையின் கலங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. 1878 பாரிஸ் கண்காட்சியில் ஜப்பானிய ஸ்டோன்வேர் (உயர்ந்த வெப்பத்தில் சுட்டு இறுகிய மண்) கலங்களைக் கண்டு மயங்கிய சிற்பி ழான் கரியேஸ், பத்தாண்டு கழித்து சேன்ட் அமான் ஆன் புயிசே என்ற பழைய குயவர் ஊரில் குடியேறி, 39 வயதில் இறக்கும்வரை சாம்பல் மெருகுகளோடு போராடினார். எர்னஸ்ட் ஷாப்லேயின் பட்டறையில் ஓவியர் கோகன் 1886–87 குளிர்காலத்தில் கலங்கள் செய்தார். ஓகுஸ்த் தெலாஎர்ஷ் முதலில் தம் வடிவங்களை உதவியாளர்களைக் கொண்டு வனைந்தவர். 1904 முதல் தாமே வனைந்து, ஒவ்வொன்றையும் ஒரே பிரதியாக மட்டும் செய்தார். அவர் கலம் ஒன்று கிடைத்தால் 1904க்கு முந்தையதா பிந்தையதா என்பதே முதல் கேள்வி.

போருக்குப் பின் நடுப்பிரான்சின் லா போர்ன் என்ற விறகுச்சூளை ஊரில் ழான் லெரா, ழாக்லீன் லெரா தம்பதியும் வசீல் இவனோஃபும் செய்த கரடுமுரடான ஸ்டோன்வேர், வலோரிஸின் வண்ணக் கொண்டாட்டத்துக்கு நேர் எதிர். புகைப்படத்தில் அவை எடுபடுவதில்லை. கையில் எடுத்தால் வேறு பேச்சு. பாரிஸில் ஜார்ஜ் ஜூவ் செய்த கறுப்பு மெருகுக் கலங்கள் இன்று மிகுந்த விலைக்குப் போகின்றன. அதனாலேயே அவர் பெயரில் போலிகள் அதிகம். பர்கண்டியின் அக்கொலே பட்டறையோ தெற்கே செல்லும் நெடுஞ்சாலை ஓரத்தில் விடுமுறைப் பயணிகளுக்கு விற்றது. தரம் ஏறியும் இறங்கியும் இருக்கும், விலை கைக்கடக்கம்.

கலத்தைத் திருப்பினால் முதலில் பார்க்க வேண்டியது மெருகு படாத அடிவளையம். வலோரிஸ் மண் பெரும்பாலும் செம்மை கலந்தது. தாழ்ந்த வெப்பத்தில், ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸில் சுடப்பட்டதால் நீரை உறிஞ்சும். லா போர்ன் கலம் 1250 பாகைக்கு மேல் சுடப்பட்டு இறுகிய சாம்பல், பழுப்பு நிற உடல் கொண்டது. அதில் ஒரு துளி நீர் வைத்தால் அப்படியே நிற்கும். ஸ்டோன்வேர் செய்தவரின் பெயர் நீர் உறிஞ்சும் செம்மண் கலத்தில் இருந்தால் ஐயப்பட வேண்டும். அடுத்து கையெழுத்து. ஈரக் களிமண்ணில் கீறிய எழுத்தின் ஓரங்களில் மண் சற்றே ஒதுங்கி மேடிட்டிருக்கும், சில இடங்களில் மெருகு அதன் மேல் வழிந்திருக்கும். சுட்ட பிறகு பெயரைக் கீறினால் ஓரங்கள் கூர்மையாகச் சிதறி, உள்ளே தூசியற்ற புதிய மண் தெரியும்.

வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

இணையத்தில் வாங்குவதானால், முன்பக்கப் படம் எத்தனை அழகாக இருந்தாலும் போதாது. அச்சுப்படத்துக்குப் பின்பக்கம், நான்கு ஓரங்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த தாள்; கலத்துக்கு அடிப்பாகம், வாயின் விளிம்பு, உள்பக்கம் ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். அனுப்பத் தயங்கும் விற்பனையாளரை விட்டு விலகுங்கள். ‘கில்ரேயைப் பின்பற்றி’, ‘ஜூவ் என்று கருதப்படுவது’ போன்ற விவரிப்புகளில் விற்பனையாளர் எந்தப் பொறுப்பையும் ஏற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மறைக்கப்பட்ட பழுதைக் கண்டுபிடிக்க, கலத்தை விரல் நகத்தால் மெல்லத் தட்டலாம். விரிசல் இருந்தால் ஒலி செத்திருக்கும். புற ஊதா விளக்கின் கீழ் பிற்காலப் பூச்சு பெரும்பாலும் வேறு நிறமாக ஒளிரும். மெருகின் மேல் வலைபோல் ஓடும் நுண்கோடுகள் பல கலங்களில் இயல்பானவை. உடலைப் பிளக்கும் விரிசலோடு அவற்றைக் குழப்ப வேண்டாம்.

நம் காலநிலையில் தாளுக்குப் பகைவர் மூவர்: ஈரப்பதம், வெயில், பூச்சி. ஈரப்பதம் தாளில் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். வெயில் கைவண்ணத்தை, குறிப்பாக இளஞ்சிவப்பை, சில ஆண்டுகளில் கொன்றுவிடும். ராமபாணப் பூச்சிக்கு மாவுப்பசை விருந்து. அமிலமற்ற அட்டையில், ஜப்பானியத் தாள் கீற்றால் மேல் ஓரத்தை மட்டும் பிடித்து, கண்ணாடி படத்தைத் தொடாதபடி சட்டமிட வேண்டும். செலோடேப்பும் லாமினேஷனும் கூடவே கூடாது. வெளிச்சுவரை விட உட்சுவர் மேல். பழைய சட்டத்தின் பின்னால் கடைச் சீட்டோ ஏலச் சீட்டோ ஒட்டியிருந்தால் அதைக் கிழித்தெறியாமல் பாதுகாத்து வையுங்கள்; படம் யார் யார் கையில் இருந்தது என்பதற்கு அதுவே பலநேரம் ஒரே சான்று.

மட்கலம் அத்தனை நோஞ்சான் அல்ல. விளிம்பையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்காமல் அடியைத் தாங்கி எடுத்தால் போதும். ஆனால் வலோரிஸின் பழைய மெருகுகளில் ஈயம் பயன்பட்டது என்பதால், எத்தனை ஆசையாக இருந்தாலும் அக்கிண்ணத்தில் ரசமோ ஊறுகாயோ வைத்து உண்ணக் கூடாது. புளிப்பு ஈயத்தைக் கரைத்து எடுக்கும். பூ வைக்க விரும்பினால் உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை இறக்கி அதில் தண்ணீர் ஊற்றுங்கள். இல்லையென்றால் மெருகிலுள்ள நுண்கோடுகள் வழியே நீர் உடலுக்குள் இறங்கி, கலத்தையும் கறைப்படுத்தும், அடியில் இருக்கும் மேசையையும் கெடுக்கும்.